பழைய காரின் எஞ்சினுக்கு அசல் நிறம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய காரைப் புதுப்பிக்க இறங்குபவர்கள் பாடியின் நிறத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறார்கள். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் எஞ்சினுக்கோ கடையில் முதலில் கிடைத்த டின்னை வாங்கி அடித்துவிடுகிறார்கள். அந்த டின்னைத் திறப்பதற்கு முன்னால் படிக்க வேண்டியவற்றைக் கேள்வி பதிலாக இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் 1950 முதல் 1970 வரையிலான அமெரிக்க, பிரிட்டிஷ் கார்களைச் சேர்ந்தவை. எஞ்சின் நிறம் கார் கம்பெனிகளுக்கு ஓர் அடையாளமாகவே இருந்த காலம் அது.

எஞ்சினின் நிறத்துக்கு இவ்வளவு கவனம் தேவையா?

தேவை. அந்தக் கால எஞ்சினில் இன்றைய கார்களைப் போல பிளாஸ்டிக் மூடி கிடையாது. பானெட்டைத் தூக்கினால் இரும்பும் அதன் நிறமும்தான் தெரியும். தேர்ந்தவர்கள் கம்பெனியின் பெயரைப் படிக்காமல் நிறத்தை வைத்தே எஞ்சினை இனம் காண்பார்கள். தவறான நிறத்தில் இருக்கும் எஞ்சினைப் பார்த்ததும், இது வேறொரு காரிலிருந்து எடுத்து மாட்டியதோ என்ற சந்தேகம் எழும். காரின் மதிப்பையே அசைக்கும் சந்தேகம் அது. அமெரிக்காவில் 1974இல் தொடங்கப்பட்ட தேசிய கார்வெட் மறுசீரமைப்போர் சங்கம் (கார்வெட் என்பது செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் கார்), கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்பதையே அளவுகோலாக வைத்திருக்கிறது. எஞ்சினின் நிறம், பெயிண்ட் எங்கே பட்டிருக்கிறது, எங்கே படாமல் விட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கே பார்க்கப்படும்.

வேலையை எங்கிருந்து தொடங்குவது?

உங்களிடம் இருப்பது எந்த எஞ்சின் என்று உறுதிசெய்வதிலிருந்து. நிறம் அதற்குப் பிறகுதான். அறுபது ஆண்டு ஓடிய காரில் எஞ்சின் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். காரின் ஆண்டுக்கு உரிய நிறத்தை வேறோர் ஆண்டின் எஞ்சின்மேல் அடித்தால் அந்த உழைப்பு வீண்.

செவர்லேயின் சிறிய பிளாக் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எஞ்சினின் முக்கிய வார்ப்பு உடலான பிளாக்கின் பின்பக்க விளிம்பில் வார்ப்பிலேயே புடைத்த எழுத்துகளாக வார்ப்பு நாள் இருக்கும். ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்து ஜனவரி, பன்னிரண்டாம் எழுத்து டிசம்பர். அதைத் தொடர்ந்து நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ஆண்டு ஒற்றை இலக்கம் என்பதால் 1959ஆ 1969ஆ என்பதை வார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சமமாக இழைத்த சிறிய மேடையில் இன்னொரு முத்திரை குத்தப்பட்டிருக்கும். அதன் முதல் எழுத்து ஆலையைச் சொல்லும், அடுத்த நான்கு இலக்கங்கள் மாதத்தையும் நாளையும் சொல்லும். 0412 என்றால் ஏப்ரல் 12. கடைசியில் உள்ள எழுத்துகள், அந்த எஞ்சின் எந்த மாடலுக்காக, எந்தத் திறனில் கட்டப்பட்டது என்பதற்கான குறி.

மோரிஸ் மைனராக இருந்தால் பிளாக்கில் அறைந்த சிறிய தகட்டைப் பாருங்கள். 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098 சிசி.

எந்தக் கம்பெனி எந்த நிறத்தைப் பயன்படுத்தியது?

இதற்கு ஒற்றை வரியில் பதில் எதிர்பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான டின்னை வாங்குகிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே ஆண்டு, ஒரே மாடல் என்றாலும் எஞ்சினின் அளவைப் பொறுத்து நிறம் மாறும்.

செவர்லே என்றதும் ஆரஞ்சு நினைவுக்கு வரும். 1955இல் வந்த 265 கன அங்குல வி8 எஞ்சினோடு அந்தப் புகழ் தொடங்கியது. ஆனால் 1953இல் வந்த முதல் கார்வெட்டில் இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின், அதன் நிறம் நீலம். கார்வெட் என்றாலே ஆரஞ்சுதான் என்று எண்ணி அதன்மேல் ஆரஞ்சு அடித்தால் வரலாற்றையே மாற்றிவிடுகிறோம். 1977ஆம் ஆண்டையொட்டி ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிரிவுகளுக்கெல்லாம் பொதுவான நீலத்துக்கு மாறியபோது செவர்லேயின் ஆரஞ்சு முடிவுக்கு வந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸின் பியூக், 1960களின் நடுப்பகுதி வரை பச்சையாக இருந்து 1967 முதல் சிவப்பானது. பான்டியாக் வெளிர்நீலத்தில் இருந்து 1966 முதல் மெட்டாலிக் நீலத்துக்குப் போனது.

ஃபோர்டின் கதை இன்னும் சுவையானது. 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ காரின் எஞ்சின் பச்சை. 1964, 1965ஆம் ஆண்டுகளின் மஸ்டாங்கில் எஞ்சின் பிளாக் கருப்பாக இருக்கும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரும் ஏர் கிளீனரும் மட்டும் நிறம் பெற்றவை. 260 கன அங்குல வி8 என்றால் நீலம், 289 என்றால் பொன்னிறம், ஆறு சிலிண்டர் என்றால் சிவப்பு. 1966இல் ஃபோர்டு இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எல்லா எஞ்சின்களுக்கும் ஒரே அடர்நீலத்தை அடிக்கத் தொடங்கியது. எனவே 1965 மஸ்டாங்கில் நீல பிளாக்கைக் கண்டால் பிற்காலத்தில் யாரோ அடித்தது, அல்லது எஞ்சினே மாறியது என்று பொருள்.

கிரைஸ்லரில் பல எஞ்சின்கள் நீலப்பச்சையில் வந்த அதே காலத்தில், 1966இல் வந்த 426 கன அங்குல ஸ்ட்ரீட் ஹெமி என்ற எஞ்சினுக்கு ஆரஞ்சு அடித்தார்கள். அந்த ஆரஞ்சும் செவர்லே ஆரஞ்சும் ஒன்றல்ல. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கும் வேறுபாடு தெரியும்.

பிரிட்டிஷ் கார்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜாகுவாரின் எக்ஸ்கே எஞ்சின். அதில் சிலிண்டர் ஹெட்டின் நிறமே அதன் வகையைச் சொல்லிவிடும். சி-டைப் ஹெட் என்றால் சிவப்பு, பி-டைப் என்றால் வாத்து முட்டை ஓட்டின் வெளிர்நீலம், எக்ஸ்கே150எஸ் காரிலும் 1961இல் வந்த இ-டைப்பிலும் உள்ள ஸ்ட்ரெயிட் போர்ட் ஹெட் என்றால் பொன்னிறம். இங்கே நிறத்தை மாற்றி அடிப்பது பொய்யான பெயர்ப் பலகையை மாட்டுவதற்குச் சமம். எம்ஜிஏ காரிலும் தொடக்ககால எம்ஜிபி காரிலும் எஞ்சின் மெரூன். மோரிஸ் மைனர் 1000இன் எஞ்சின் பச்சை.

எங்கள் மைனரின் எஞ்சினில் பச்சைக்குப் பதிலாகப் பொன்னிறம் இருக்கிறது. அதுதான் அசலா?

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மைனர் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு எழக்கூடிய கேள்வி இது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், தேய்ந்த எஞ்சினை வாங்கிக்கொண்டு தொழிற்சாலையிலேயே செப்பனிட்ட மாற்று எஞ்சினைத் தரும் திட்டத்தை நடத்தியது. அந்த எஞ்சின்களுக்குக் கோல்ட் சீல் என்று பெயர், அவற்றைப் பொன்னிறத்தில் அடித்தார்கள். சில்வர் சீல் என்ற வகை வெள்ளி நிறத்தில் வந்தது. ஆகவே உங்கள் பொன்னிற எஞ்சின் காரோடு பிறந்ததாக இருக்க வாய்ப்பில்லை. அதே சமயம் அது போலியும் அல்ல, கம்பெனியே தந்த மாற்று. அதைப் பச்சையாக்க வேண்டாம் என்பது என் கருத்து. தாத்தா காலத்தில் இந்தக் கார் ஒரு முறை எஞ்சின் மாற்றிக்கொண்டது என்பதற்கு அந்தப் பொன்னிறம் ஒன்றே சாட்சியாக இருக்கலாம்.

அசல் பெயிண்ட் எஞ்சினில் எங்கே மிஞ்சியிருக்கும்?

வெப்பம், வெயில், கம்பி பிரஷ் ஆகிய மூன்றும் எட்டாத இடங்களில். எஞ்சினைக் கழுவுவதற்கு முன்பே இந்தத் தேடலை முடித்துவிடுங்கள். எஞ்சின் மவுண்ட் பிராக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு அவை உட்கார்ந்திருந்த இடத்தைப் பாருங்கள். டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டின் அடி, பெட்ரோல் பம்ப் விளிம்பின் ஓரம், டிப்ஸ்டிக் குழாயைப் பிடிக்கும் கிளிப்பின் கீழ்ப்புறம், வாட்டர் பம்புக்கும் டைமிங் கவருக்கும் இடையிலுள்ள இடுக்கு, டேப்பட் கவரில் ஒட்டிய பழைய ஸ்டிக்கரின் அடி ஆகியவற்றைத் தவறவிடாதீர்கள். எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்பின் பக்கங்களில் விரல் தடிமனுக்குப் படிந்த கிரீஸ் அழுக்கு பல நேரங்களில் பெரும் புதையல். அது ஐம்பது ஆண்டுகளாக வெளிச்சத்தையும் காற்றையும் தடுத்து, அடியிலுள்ள பெயிண்டைக் காப்பாற்றி வைத்திருக்கும்.

ஒரு பிராக்கெட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால், பெயிண்ட் அடித்த பிறகு அந்த பிராக்கெட்டைப் பொருத்தினார்கள். வெறும் இரும்பு இருந்தால், பொருத்திய பிறகு அடித்தார்கள். நிறத்தைத் தேடிப் போன இடத்தில் தொழிற்சாலையின் வேலை வரிசையும் கிடைக்கிறது. ஒவ்வொன்றையும் படம் எடுத்து, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். எதை எஞ்சினோடு சேர்த்து அடிப்பது, எதைத் தனியாக வைப்பது என்ற கேள்வி வரும்போது இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.

அழுக்கை எடுக்கக் காஸ்டிக் சோடாவோ பெயிண்ட் ரிமூவரோ வேண்டாம். மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவினால் போதும்.

நான்கைந்து நிறங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எது முதல் அடுக்கு என்று எப்படி அறிவது?

1000 எண் வாட்டர் பேப்பரைச் சிறு துண்டாக மடித்து, தண்ணீர் விட்டு, நாணய அளவு இடத்தில் வட்டமாகத் தேயுங்கள். நடுவில் இரும்பு தெரியும்வரை ஆழமாகவும் ஓரங்களில் சரிவாகவும் தேய்த்தால், வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல எல்லா அடுக்குகளும் ஒன்றைச் சுற்றி ஒன்றாகத் தெரியும். கடைசியில் 2000 எண் தாளால் மெருகேற்றி, பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

இரும்பை ஒட்டிய அடுக்குதான் பெரும்பாலும் அசல். அதை உறுதிசெய்ய இரண்டு அடையாளங்கள் உண்டு. அந்தக் காலத் தொழிற்சாலைகள் எஞ்சினுக்குப் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்கவில்லை, வார்ப்பிரும்பின்மேல் நேரடியாக எனாமலைத் தெளித்தார்கள். எனவே நிறத்துக்கு அடியில் சாம்பல் அல்லது செம்மண் நிறப் பிரைமர் இருந்தால் அது பிற்கால வேலை. இரண்டாவது, அசல் பெயிண்ட், பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் கேஸ்கெட்டின் வெளி ஓரங்களிலும் போல்ட் தலைகளிலும் தொடர்ச்சியாகப் படிந்திருக்கும். கட்டி முடித்த எஞ்சினின்மேல் ஒரே மூச்சில் தெளித்ததன் விளைவு அது. தனித்தனியாகக் கழற்றி அடித்த பட்டறை வேலையில் அந்தத் தொடர்ச்சி இருக்காது.

ஓர் எச்சரிக்கை: முன்பே ஒரு முறை எஞ்சினைக் கொதிதொட்டியில் போட்டு முழுவதும் உரித்திருந்தால், இரும்பை ஒட்டிய அடுக்கும் பிற்காலத்தையதாக இருக்கலாம். ஒரே இடத்தை வைத்து முடிவுக்கு வராமல் எஞ்சினின் வெவ்வேறு பகுதிகளில் பாருங்கள்.

கிடைத்த சுவடு பழுப்பேறியிருக்கிறது. அதையே மாதிரியாகக் கொடுக்கலாமா?

அப்படியே கொடுக்க வேண்டாம். வெப்பத்தில் எனாமலின் பிசின் மஞ்சளாகிறது. நீலத்தின்மேல் மஞ்சள் ஏறினால் பச்சை சாயல் தெரியும், ஆரஞ்சு செங்கல் நிறத்துக்கு இறங்கும், வெளிர்நிறங்கள் சந்தன நிறமாகும். எண்ணெய் ஊறிய இடம் உள்ளதைவிட அடர்த்தியாகத் தெரியும். புகை வெளியேறும் எக்சாஸ்ட் போர்ட்டுக்கு அருகில் எடுத்த மாதிரியை ஒருபோதும் நம்பாதீர்கள். குளிர்ந்த பகுதிகளில், அதாவது சம்ப், எஞ்சினின் முன்புறத்தின் அடிப்பகுதி, மவுண்ட்டுகளின் அடி ஆகிய இடங்களில் எடுத்து, மேலே உள்ள ஆக்ஸைடு படலத்தை மெல்லிய பாலிஷால் நீக்கிய பிறகு வெளிப்படும் நிறத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

பெயிண்ட் கடையிலுள்ள நிறமானி கருவி சரியாகச் சொல்லுமா?

காட்டும் பரப்பு நன்றாக இருந்தால் சொல்லும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற அந்தக் கருவி, ஒரு சிறு வட்டத்தில் ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கிறது. வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் வைத்தால் ஓரங்களில் ஒளி கசிந்து அளவு பிசகும். சமமான தகட்டுப் பகுதிகளே இதற்கு ஏற்றவை. சம்ப்பின் பக்கச் சுவர் நல்ல தேர்வு. ஒரே இடத்தில் பல முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். கருவி தரும் கலவை ஒரு தொடக்கம் மட்டுமே, கடைசித் தீர்ப்பு உங்கள் கண்ணுடையது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1950, 60களின் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயக் குரோமேட், மாலிப்டேட் நிறமிகள் பரவலாகப் புழங்கின. இன்றைய கலவைகளில் வேறு நிறமிகள். நிறமி வேறானால், ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

அப்படியானால் எந்த வெளிச்சத்தில் ஒப்பிடுவது?

முதலில் நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், பிறகு பட்டறையின் விளக்கில், கடைசியாகப் பானெட்டின் நிழலில். மூன்றிலும் பொருந்தினால்தான் பொருத்தம். டியூப்லைட்டுக்கு அடியில் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காகிதத்தில் தொட்டுப் பார்க்கவும் கூடாது. உள்ளங்கை அளவு இரும்புத் தகட்டில், எஞ்சினுக்கு எந்த அடிப்பூச்சு, எத்தனை பூச்சு என்று முடிவுசெய்திருக்கிறீர்களோ அதே முறையில் ஸ்ப்ரே கன்னால் அடித்து, முழுவதும் காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம்.

டின்னின்மேல் செவர்லே ஆரஞ்சு என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்தப் பெயரில் வெவ்வேறு கம்பெனிகள் விற்கும் நிறங்கள் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே கம்பெனி செவர்லே ஆரஞ்சு என்றும் செவர்லே ஆரஞ்சு-ரெட் என்றும் இரண்டு டின்களை விற்பதும் உண்டு, இரண்டுக்கும் நல்ல வேறுபாடு. தொழிற்சாலையிலேயே ஆண்டுக்கு ஆண்டு, தொகுதிக்குத் தொகுதி சாயல் மாறியிருக்கிறது. பெயரை வைத்து வாங்காமல், உங்கள் எஞ்சினில் கிடைத்த சுவட்டுக்கு எந்த டின் நெருக்கமாக இருக்கிறது என்று தகட்டில் அடித்துப் பார்த்து வாங்குங்கள். அவசரத்தில் நான்கு டின் வாங்கி அடுக்காதீர்கள், ஒன்றை வாங்கிச் சோதித்துவிட்டு மிச்சத்தை வாங்கலாம்.

இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பார்த்து நிறம் கலக்கலாமா?

கூடாது. பழைய ஃபிலிம் படங்களின் நிறம் மங்கிச் சாய்ந்திருக்கும், கைபேசிப் படங்களில் கேமராவே நிறத்தைத் திருத்திவிடும். எந்தப் பாகம் எந்த நிறத்தில் இருந்தது, பெயிண்ட் எதுவரை தெறித்திருந்தது என்று அறிய மட்டும் படங்கள் உதவும்.

எஞ்சின் ஏற்கெனவே மெஷின் ஷாப்பில் முழுவதும் உரிக்கப்பட்டுவிட்டது. இனி என்ன வழி?

பிளாக் போனாலும் மற்றவை இருக்கும். கழற்றி ஓரமாகப் போட்ட பழைய போல்ட்டுகள், வாஷர்கள், கிளிப்புகள், குப்பையில் போகவிருக்கும் பழைய வாட்டர் பம்ப், தள்ளிவைத்த சம்ப் என எல்லாவற்றையும் துழாவுங்கள். ஒரு போல்ட் தலையின் அடிவிளிம்பிலுள்ள பொட்டு அளவு பெயிண்ட் போதும். அதுவும் இல்லையென்றால், அதே ஆண்டு, அதே ஆலை, அதே எஞ்சின் உள்ள, இதுவரை யாரும் பிரிக்காத கார் ஒன்றைத் தேடி அதன் உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். அந்தக் காருக்கான சங்கங்களின் மதிப்பீட்டுக் கையேடுகளும் தொழிற்சாலையின் பொருத்துமுறைக் கையேடுகளும் அடுத்த துணை.

எந்த வகைப் பெயிண்ட் வெப்பத்தைத் தாங்கும்?

எஞ்சின் பிளாக்கின் வெளிப்புறம் பலர் நினைக்கும் அளவுக்குச் சூடாவதில்லை. குளிர்விக்கும் நீர் 90 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால் பிளாக்கின் பெரும்பகுதியும் அதற்கு அருகில்தான் இருக்கும், எக்சாஸ்ட் போர்ட்டுகளைச் சுற்றி மட்டும் கூடும். எஞ்சின் எனாமல் என்று விற்கப்படும் ஸ்ப்ரே டின்கள் ஏறக்குறைய 260 டிகிரி வரை தாங்குவதாகக் குறிப்பிடப்படுகின்றன, பிளாக்குக்கு அது தாராளம். தரமான பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்டும் பிளாக்கில் நன்றாகவே நிற்கிறது.

உண்மையான எதிரி பெட்ரோல். ஒற்றைக் கலவை எனாமலின்மேல் கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் பெயிண்ட் மிருதுவாகி உரியும். பிரேக் எண்ணெய் இன்னும் மோசம். அடிக்கடி சாலையில் ஓடும் காருக்கு கெட்டியாக்கும் திரவமான ஹார்டனர் சேர்க்கும் பி.யு. போன்ற இரட்டைக் கலவையைத்தான் சொல்வேன். எந்த நிறத்தையும் அதில் கலக்கித் தரலாம் என்பதால், சுவட்டைப் பார்த்துப் பொருத்துபவர்களுக்கும் அதுவே வசதி. ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரணத் துணி முகமூடி அதற்குப் பயன்படாது. உரிய வடிகட்டி உள்ள சுவாசக் கவசம் இல்லாமல் அடிக்காதீர்கள்.

எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதே நிறமா?

மேனிஃபோல்ட் பல நூறு டிகிரிக்குப் போகும், எஞ்சின் எனாமல் அங்கே நிற்காது. சில ஆலைகளில் மேனிஃபோல்டையும் பொருத்திய பிறகே எஞ்சினுக்குப் பெயிண்ட் தெளித்தார்கள். அந்தப் பெயிண்ட் சில நாள் ஓட்டத்திலேயே எரிந்துபோனது. அசல் தன்மையை மதிப்பிடும் போட்டிக்குப் போகும் கார் என்றால் அந்தத் தெறிப்பைக் காட்ட வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு, வார்ப்பிரும்பின் சாம்பல் நிறத்தில் 650 டிகிரி தாங்கும் பூச்சு போதும்.

பிரைமர் அடிக்க வேண்டுமா? தொழிற்சாலையில் அடிக்கவில்லையே?

தொழிற்சாலைக்குப் புதிய வார்ப்பு கிடைத்தது, நமக்கு ஐம்பது ஆண்டு எண்ணெய் குடித்த, துருவைப் பார்த்த இரும்பு. இரும்பில் இறுகப் பற்றும் எட்ச் பிரைமர் மெல்லிய ஒரு பூச்சு நல்லது. ஆனால் அதன் நிறத்தைக் கவனியுங்கள். ஆரஞ்சும் சிவப்பும் மஞ்சளும் அடியை முழுவதும் மறைக்காத நிறங்கள். வெள்ளைப் பிரைமரின்மேல் அடித்த ஆரஞ்சு பளிச்சென்று எரியும், அடர்சாம்பல்மேல் அடித்தது அடங்கித் தெரியும். அசலில் நிறத்துக்கு அடியில் இருந்தது இரும்பின் சாம்பல். எனவே நடுத்தரச் சாம்பல் பிரைமரே அசலுக்கு அருகில் கொண்டுபோகும். நிறத்தைத் துல்லியமாகக் கலக்கியும் பொருந்தவில்லை என்று வருந்துபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மெஷின் ஷாப்பிலிருந்து வந்த பிளாக்கைச் சூடான சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, உடனே காற்றடித்து உலர்த்தி, அடிப்பதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள். கேஸ்கெட் உட்காரும் முகங்களையும் பேரிங் இடங்களையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள், மரை உள்ள துளைகளில் பழைய போல்ட்டுகளைத் திருகி வையுங்கள். மெல்லிய பூச்சுகள் இரண்டு மூன்று போதும். போல்ட் தலையோ வாஷரோ உட்காரும் இடத்தில் பெயிண்ட் தடித்திருந்தால், சூட்டில் அது நசுங்கி, முறுக்கிய போல்ட்டின் இறுக்கம் தளரும்.

பாகங்களைத் தனித்தனியாக அடிப்பதா, பொருத்திய பிறகு அடிப்பதா?

அசலைப் போல வேண்டுமென்றால் பொருத்திய பிறகு. பிளாக், ஹெட், சம்ப், டைமிங் கவர், வாட்டர் பம்ப், இரும்பு இன்டேக் மேனிஃபோல்ட் எல்லாம் சேர்ந்த நிலையில்தான் செவர்லேயில் தெளித்தார்கள். கேஸ்கெட்டுகளின் ஓரமும் போல்ட் தலைகளும் ஆரஞ்சாகவே இருக்கும். கார்ப்பரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பிறகு வந்தவை, அவற்றின்மேல் பெயிண்ட் இருக்கக் கூடாது. ஒவ்வொரு போல்ட்டையும் தனியாகத் துத்தநாக முலாம் பூசி மினுக்கும் எஞ்சின்களைப் பார்க்கிறேன். உழைப்பு பெரிது, ஆனால் அது எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் அப்படி வெளியே வரவில்லை.

நிறம் பொருந்துகிறது, ஆனாலும் ஏதோ சரியில்லாததுபோல் தெரிகிறது. ஏன்?

பளபளப்பைப் பாருங்கள். அசல் எனாமல் மெல்லியது. வார்ப்பின் மணல் சொரசொரப்பு அதன் ஊடே தெரியும், மினுமினுப்பு மிதமாக இருக்கும். நிறமற்ற பளபளப்பு மேற்பூச்சான கிளியர் கோட் அடித்த எஞ்சின் அந்தக் காலத்துக்கு உரியதல்ல. வார்ப்பைப் பட்டி போட்டுத் தேய்த்து வழவழப்பாக்குவதும் அப்படியே. பி.யு. பெயிண்டில் மேட்டிங் பொருளைச் சிறிது சேர்த்து மினுக்கத்தைக் குறைக்கலாம். அப்படிச் செய்தால் நிறம் சற்று வெளிறித் தெரியும், எனவே மாதிரித் தகட்டிலும் அதைச் சேர்த்தே சோதியுங்கள்.

எஞ்சின் எண் குத்தப்பட்ட இடத்தை எப்படிக் கையாள்வது?

அந்த இடத்தை உப்புத்தாளாலோ கம்பி பிரஷாலோ தொடாதீர்கள். இழைத்தபோது உண்டான நுண்ணிய கோடுகள் அந்த மேடையில் இருக்கும். எண் பிற்காலத்தில் திருத்தப்படவில்லை என்பதற்கு அவைதான் சான்று, ஒரு முறை தேய்த்தால் திரும்ப வராது. தின்னரில் நனைத்த துணியால் மட்டும் துடையுங்கள். மேலே பெயிண்ட் பட்டால் எண் படிக்கக்கூடிய அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும். இந்தியாவில் 2021இல் அறிவிக்கப்பட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட, அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களை விண்டேஜ் என்று பதிவுசெய்யலாம். ஆய்வுக்குப் போகும்போது எஞ்சின் எண் தெளிவாக இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் அடிக்கலாமா?

சென்னையின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேண்டாம். காற்றின் ஈரம் பெயிண்டின்மேல் படிந்து வெண்மை பூக்கும், உரித்த இரும்பில் சில மணி நேரத்தில் துருவும் படரும். தள்ளிப்போட முடியாது என்றால் மெதுவாக உலரும் தின்னரைப் பயன்படுத்தி, இரும்பை விளக்கொளியில் லேசாகச் சூடேற்றி, நண்பகலில் அடியுங்கள்.

பாதிக்கு மேல் அசல் பெயிண்ட் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அடிப்பதா?

வேண்டாம். எஞ்சினை உள்ளே பிரிக்க வேண்டிய தேவை இல்லையென்றால், சுத்தம் செய்து அப்படியே விடுங்கள். துரு வந்த இடங்களை மட்டும் நிறுத்தி, பொருத்திய நிறத்தைச் சிறிய தூரிகையால் தொட்டு வைக்கலாம். மங்கிப்போன அசல் பெயிண்ட் எத்தனை அழகான புதுப் பெயிண்டையும்விட அரிது. அடுத்த தலைமுறையில் இதே எஞ்சினைப் புதுப்பிக்கப்போகிறவர் நிறத்தைத் தேடும்போது, உங்கள் கார்தான் அவருக்கு மாதிரி.

பழைய பெயிண்டை உரிப்பதில் ஆபத்து உண்டா?

உண்டு. அந்தக் கால எனாமலில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு நிறங்களில். உலர்ந்த நிலையில் கிரைண்டரால் தேய்த்தால் அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகும், உடையில் ஒட்டி வீட்டுக்கும் வரும், குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. எப்போதும் தண்ணீர் விட்டுத் தேயுங்கள் அல்லது ஜெல் ரிமூவரால் உரியுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணியுங்கள், வேலை முடிந்ததும் உடையைத் தனியாகத் துவையுங்கள். உரித்த பொருக்குகளை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல் மூடிய டின்னில் சேர்த்து, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். அதற்கு முன்னால் ஒரு நல்ல துண்டை மட்டும் சிறு பிளாஸ்டிக் உறையில் இட்டு, எடுத்த இடத்தையும் தேதியையும் எழுதி, நீங்கள் அடித்த மாதிரித் தகட்டோடும் கலவைக் குறிப்போடும் காரின் கோப்பில் வையுங்கள்.